வீட்டில் தமிழ்தான்

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கபாலீசுவரர் கோவில் குளத்தைச் சுற்றிலும் பூக்காரிகளின் குரலும் ஆட்டோ ரிக்ஷாக்களின் குழலொலியும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கொண்டிருந்த சமயம். நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இந்தப் பகுதிக்கு இவ்வாரம் என்ன எழுதலாம் என்று யோசனை செய்து கொண்டிருந்தேன். யோசனை என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். உள்ளபடி சொன்னால், காப்பி எப்போது வரும் என்று காத்துக் கொண்டிருந்தேன். ஆனால் காப்பிக்கு முன்னால் விஷயம் வந்து சேர்ந்து விட்டது.

வந்தவள் என் தங்கையின் பெண். தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குச் சமீபத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். வழக்கமாக வாசற்படியில் கால் வைக்கும்போதே "மாமா!" என்று ஊர் கேட்கக் கூப்பிடுகிறவள், அன்று வாய் திறவாமல் வந்து ஊஞ்சலின் ஒரு கோடியில் உட்கார்ந்து விட்டாள்.

"ஏனம்மா, முகம் இப்படி வாடிக் கிடக்கிறது?" என்று என் தாயார் உள்ளிருந்து வந்து கேட்டாள்.

"ஒன்றும் இல்லை, பாட்டி" என்று சொன்ன பெண்ணின் கண்ணில் நீர் துளித்து விட்டது. பிறகு விஷயம் முழுவதும் வெளியே வந்தது.

பெண் கணிதத்தில் பட்டம் பெற்றவள். ஆனாலும் தமிழ்ப் புத்தகம் கையில் கிடைத்தால் சாப்பாட்டை மறந்து விடுவாள். பிழையில்லாமல், படிப்பவர் மனத்தில் பதியும்படி தமிழ் எழுதுவாள். குழந்தைகளுக்கான கணக்குப் புத்தகங்களைப் பல பாஷைகளில் வெளியிடும் ஒரு கம்பெனியில், தமிழ்ப் பிரதியைச் சரிபார்க்க ஓர் ஆள் தேவை என்று கண்டு மனுப் போட்டிருந்தாள். இந்தக் காலத்து வழக்கப்படி அவளை நேரில் அழைக்காமல், கம்ப்யூட்டர் திரையிலேயே பேட்டி கண்டார்கள். திரையில் மூன்று பெரியவர்கள் தோன்றினார்களாம். மூவருக்கும் தமிழ் தெரியாது. கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் பெண் நன்றாகப் பதில் சொன்னாள். கடைசியில் ஒருவர், "உங்கள் அன்றாட வாழ்க்கையில் தமிழுக்கு எவ்வளவு இடம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இதைக் காட்டிலும் சுலபமான கேள்வி உண்டா? "எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம்" என்பது அவள் மனத்தில் எழுந்த பதில். அதை இங்கிலீஷில் அவள் சொன்னது இது: "வீ ஸ்பீக் டமில் அட் ஹோம் ஒன்லி."

கேட்டவர் தலையை அசைத்து ஏதோ குறித்துக் கொண்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது. தமிழைத் தாங்கள் வீட்டளவில் மட்டும் கையாளுவதாகத் தெரிவித்திருப்பதால், தினந்தோறும் தமிழ் எழுத வேண்டிய இந்த உத்தியோகம் தங்களுக்கு ஏற்றதாக இராது என்று மிகவும் மரியாதையான பாஷையில் எழுதியிருந்தார்கள்.

"தமிழ்தான் எங்களுக்கு எல்லாம் என்று சொல்லப் போனேன், மாமா. தமிழ் எனக்குப் போதாது என்று பதில் வந்திருக்கிறது. இனி இங்கிலீஷில் வாயைத் திறக்கவே போவதில்லை" என்றாள்.

நேயர்களே! ஒரு பெண்ணின் உத்தியோகத்தை ஒரு சிறு வார்த்தை இப்படிப் பறித்துக் கொண்டு போனதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் பேரில் கோபிப்பது? கம்பெனிக்காரர்கள் தங்கள் காதில் விழுந்த இங்கிலீஷுக்கு உரிய பொருளையே கொண்டார்கள். பெண்ணோ தன் மனத்தில் இருந்ததைத்தான் சொன்னாள். இருவரும் குற்றமற்றவர்கள். ஆகவே அந்த 'ஒன்லி' என்னும் வார்த்தையைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதாயிற்று.

விசாரணையைத் தொடங்கி வைத்தவள் என் தாயார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனாலேயே அவள் கேட்ட கேள்விகள் நேராக விஷயத்துக்குள் போயின.

"அந்த ஒன்லி என்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம்?"

"தான் என்று அர்த்தம், பாட்டி."

"சரி, நீ சொன்ன வாக்கியத்தில் அது எந்த வார்த்தையோடு ஒட்டிக் கொண்டிருந்தது? தமிழோடா, வீட்டோடா?"

"எதோடும் ஒட்டவில்லை. கடைசியில் தனியாக நின்றது."

"அதுதானே சங்கடம்! 'வீட்டில் தமிழ்தான்' என்றால் ஒன்று. 'வீட்டில்தான் தமிழ்' என்றால் வேறு. ஒட்டாமல் வாசலில் நிற்கிற விருந்தாளியை யார் வீட்டு விருந்தாளி என்று கண்டுபிடிப்பது?"

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழில் 'தான்' என்னும் சொல், தான் சிறப்பிக்க வேண்டிய வார்த்தையை விட்டு அகலுவதில்லை. பசு மடியைக் கன்று பற்றுவது போல் பற்றிக் கொள்கிறது. "நான் நேற்று அடையாற்றில் அவருக்குப் பழம் கொடுத்தேன்" என்று ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நான்தான் என்றால், கொடுத்தவர் பிறர் அல்ல. நேற்றுத்தான் என்றால், கொடுத்து அதிக காலம் ஆகவில்லை. அடையாற்றில்தான் என்றால், மாம்பலத்தில் அல்ல. அவருக்குத்தான் என்றால், அவர் தம்பிக்கு அல்ல. பழந்தான் என்றால், பணம் ஒன்றும் கொடுக்கவில்லை. 'கொடுக்கத்தான் கொடுத்தேன்' என்றாலோ, கொடுத்ததில் ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது. மிச்சக் கதையைக் கேட்பதற்கு நாம் தயாராகி விடுகிறோம். ஒரே 'தான்' ஆறு இடங்களில் உட்கார்ந்து ஆறு கதைகள் சொல்கிறது. கேட்பவருக்கு ஓர் இடத்திலும் ஐயம் எழுவதில்லை.

மறுநாள் காலையில் பெண்ணையும் அழைத்துக் கொண்டு அடையாறு காந்தி நகருக்குப் போனேன். அங்கே எனக்கு மிகவும் வேண்டியவரான ஓய்வு பெற்ற இங்கிலீஷ்ப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. 1944ஆம் வருஷத்தில் மயிலாப்பூர் சம்ஸ்கிருத கலாசாலையில் சாஸ்திரியார் செய்த ராமாயணப் பிரசங்கங்களுக்குத் தம் தகப்பனார் தவறாமல் போய் வந்ததை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். 1946இல் சாஸ்திரியார் காலமானதோடு சென்னையில் நல்ல இங்கிலீஷும் காலமாகி விட்டது என்பது அவருடைய திடமான கொள்கை.

அப்பேர்ப்பட்டவரிடம் 'வீ ஸ்பீக் டமில் அட் ஹோம் ஒன்லி' என்ற வாக்கியத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று பயந்து கொண்டேதான் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கொண்டார். பிறகு, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, பெண்ணைப் பார்த்து மிகவும் பரிவுடன் பேசினார்.

"குழந்தை, இந்த வார்த்தையினால் தடுமாறியவள் நீ ஒருத்தி அல்ல. இங்கிலீஷ்காரர்களே இதை எங்கே வைப்பது என்று இருநூற்று அறுபது வருஷங்களாகச் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள். 1762இல் ராபர்ட் லௌத் என்பவர் ஓர் இலக்கணப் புத்தகம் எழுதினார். பிற்காலத்தில் லண்டனுக்கே பிஷப்பானவர் அவர். ஒருவன் மூன்றே வார்த்தைகள்தான் பேசினான் என்று சொல்ல வேண்டுமானால், 'ஒன்லி'யை 'மூன்று' என்பதற்கு முன்னால் வைக்க வேண்டும். 'பேசினான்' என்பதற்கு முன்னால் வைக்கலாகாது என்று கண்டித்தார். ஆனால் இங்கிலீஷ்க் குடித்தனக்காரர்கள் பிஷப் சொன்னதைக் கேட்டார்களா? இல்லை. வினைச்சொல்லுக்கு முன்னால் அதைப் போடுகிற பழக்கத்தை அவர்கள் விடவே இல்லை. 1926இல் ஃபௌலர் தம்முடைய பிரசித்தமான அகராதியில் மறுபக்கத்துக்கு வக்காலத்து வாங்கினார். பொருள் மயக்கத்துக்கு இடமில்லாத போது, வழக்கமான இடத்தில் இருக்கிற 'ஒன்லி'யைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் உட்கார வைப்பது வீண் பண்டிதத்தனம் என்று பரிகாசம் செய்தார்."

"அப்படியானால் அவர்களுக்குள் மட்டும் குழப்பம் வராதா, ஸார்?" என்று பெண் கேட்டாள்.

"எழுத்தில் வரும். பேச்சில் அவ்வளவாக வராது. இங்கிலீஷ்காரன் எந்த வார்த்தையைக் குறிக்கிறானோ அதன் மேல் குரலை உயர்த்தி அழுத்துவான். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. குரல் செய்ய வேண்டிய வேலையை நம்முடைய 'தான்' செய்து விடுகிறது. உன் வாக்கியத்திலும் 'டமில்' என்ற சொல்லை நீ ஓங்கி அழுத்தியிருந்தால் ஒருவேளை அவர்கள் சந்தேகப்பட்டாவது கேட்டிருப்பார்கள். நீ எல்லாவற்றையும் சமமாகச் சொல்லிவிட்டு, பாரம் முழுவதையும் கடைசி வார்த்தையின் தலையில் ஏற்றி விட்டாய். அது தன் பக்கத்தில் இருந்த வீட்டின் மேல் விழுந்து விட்டது!"

இப்படி மிக அழகாக விளக்கிக் கொண்டிருந்த சமயம் அவருடைய டெலிபோன் மணி அடித்தது. மின்சார வேலைக்காரன் ஒருவன் பேசினான் போலிருக்கிறது. பேராசிரியர் கோபத்துடன், "ஐ டோல்ட் யூ யெஸ்டர்டே மார்னிங் இட்ஸெல்ஃப்! ஐ ஆம் அட் ஹோம் ஒன்லி!" என்று முழங்கினார். போனை வைத்துவிட்டுத் திரும்பியதும் எங்கள் முகங்களைப் பார்த்தார். பெண் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்து விட்டோம். நாலு நாளைக்குப் பிறகு பெண்ணின் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

பேராசிரியர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் கோணல் இங்கிலீஷ்தான். ஆனால் அவை நேரான தமிழ். "நேற்றுக் காலையிலேயே சொன்னேனே! நான் வீட்டில்தான் இருக்கிறேன்!" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். ஏகாரம் 'இட்ஸெல்ஃப்' என்று வேஷம் போட்டுக் கொண்டு வந்திருக்கிறது. 'தான்' என்பது 'ஒன்லி' என்று தலைப்பாகை கட்டிக் கொண்டு வந்திருக்கிறது.

இங்கே நம் இலக்கண நூலார் ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லுக்கு ஐந்து பொருள்கள் வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இசைநிறை என்பதையும் சேர்த்து ஆறு ஆக்கினார். அவற்றுள் நமக்கு இன்று வேண்டியவை இரண்டு: பிரிநிலை ஒன்று, தேற்றம் ஒன்று. பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்துக் காட்டுவது பிரிநிலை. சொல்லும் செய்தியில் ஐயமில்லை என்று உறுதி கூறுவது தேற்றம். இன்றைய பேச்சுத் தமிழில் இந்த இரண்டு வேலைகளிலும் பெரும்பங்கை 'தான்' ஏற்றுக் கொண்டிருக்கிறது. "நாலு பிள்ளைகளில் மூத்தவன்தான் கெட்டிக்காரன்" என்பது பிரிநிலை. "அவன் சுபாவமே அப்படித்தான்" என்பது தேற்றம்.

இங்கிலீஷ் 'ஒன்லி'க்கோ பிரிநிலைப் பொருள்தான் உண்டு. தேற்றப் பொருள் கிடையாது. அதன் பிறப்பே அப்படி. 'ஒன்று' என்று பொருள்படும் 'ஆன்' என்ற பழைய இங்கிலீஷ்ச் சொல்லோடு 'லி' என்னும் விகுதி சேர்ந்து உண்டானது அது. ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதே அதன் குலத்தொழில். நாமோ அதன் கையில் தேற்றப் பொருளையும் கொடுத்து, "இதையும் சேர்த்துச் சுமந்து கொண்டு போ" என்கிறோம். "நான் சென்னைதான்" என்று ஒரு பெண் பெருமையோடு சொல்வதை 'ஐ ஆம் ஃப்ரம் சென்னை ஒன்லி' என்று மொழிந்தால், கேட்கிற வெளிநாட்டார், "பாவம், சென்னையோடு நின்று விட்டதே என்று இந்தப் பெண் வருத்தப்படுகிறாள்" என்று எண்ணிக் கொள்கிறார். நாம் உறுதி சொல்கிறோம். அவர் காதில் அது குறைவாக விழுகிறது. சங்கடத்தின் வேர் இதுதான்.

தமிழில் இந்த வேலைகளுக்குத் தனித்தனி ஆட்கள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 'மட்டும்' என்பது மட்டு, அதாவது அளவு, எல்லை என்ற சொல்லிலிருந்து வந்தது. 'மாத்திரம்' என்பதும் அளவைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததே. இரண்டும் வேலி போடுகிற சொற்கள். 'தான்' என்பதோ தன்னைக் குறிக்கும் சொல். ஒரு பொருளைச் சுட்டி, "இதுவே அது" என்று காட்டுகிற விரல். "நேற்று மட்டும் வந்தார்" என்றால் மற்ற நாட்களில் வரவில்லை. "நேற்றுத்தான் வந்தார்" என்றால் வந்து ஒரு நாளே ஆகிறது. நம் வீட்டு ஆறு வயதுக் குழந்தைகூட இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. இவ்வளவு நுட்பமான வேற்றுமையை யாரும் கற்பிக்காமலே கற்றுக் கொண்டவர்கள், இங்கிலீஷில் அதற்குத் தனி வார்த்தைகள் இல்லையே என்று 'ஒன்லி' ஒன்றையே எல்லா வேலைக்கும் அனுப்புகிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறைய வைத்திருந்தவன், சிறிய பெட்டியில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிற அவஸ்தை இது.

இந்த அவஸ்தை தமிழர்களுக்கு மாத்திரம் ஏற்பட்டதும் அன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போலவே ஏகாரம் உண்டு. ஹிந்தியில் 'ஹீ' என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. ஆகையால் ஆந்திரரும் கன்னடியரும் டில்லிவாசியும் அவரவர் வழியாக வந்து இந்தக் கடைசி 'ஒன்லி'யில் ஒன்றாகச் சந்திக்கிறார்கள். நம் தேசத்தில் எல்லா மாகாணத்தாரும் வாக்கெடுப்பு இல்லாமல் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானங்கள் அதிகம் இல்லை. அவற்றில் இது ஒன்று. 'வீ ஆர் லைக் தட் ஒன்லி', அதாவது 'நாம் அப்படித்தான்', என்பதையே தலைப்பாக வைத்து 2007இல் ரமா பீஜாபூர்க்கர் இந்தியக் கடைத்தெருவைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே வருஷத்தில் கிளாடியா லாங்கே என்ற மொழி நூல் ஆராய்ச்சியாளர், இந்தியர்களின் இங்கிலீஷில் 'ஒன்லி', 'இட்ஸெல்ஃப்' என்ற இரண்டும் செய்யும் வேலையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நாம் வெட்கப்பட்டு மறைக்கிற ஒன்று, வேறொருவருக்கு ஆராய்ச்சிப் பொருளாகி விட்டது.

"அப்படியானால் இந்தப் பிரயோகத்தைத் தாராளமாக வைத்துக் கொள்ளலாமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் தேசத்தாரோடு பேசும்போது வைத்துக் கொண்டால் குடி முழுகிப் போகாது. பாண்டி பஜாரில் துணிக்கடைக்காரர், "ஃபிக்ஸட் பிரைஸ் ஒன்லி" என்கிறார். நமக்கு அது நன்றாகவே விளங்குகிறது. விளங்கவில்லை என்பது போல் பாவனை செய்து பேரம் பேசுவது நம்முடைய சாமர்த்தியம். மேலும், கடைசியில் நிற்கும் 'ஒன்லி' எல்லா இடத்திலும் தவறு என்று எண்ணி விடக் கூடாது. மகளிர் மட்டும், ஊழியர் மட்டும் என்று அறிவிப்புப் பலகைகளில் எழுதும்போது இங்கிலீஷ்காரரும் 'ஒன்லி'யைக் கடைசியில்தான் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது செக்குப் புஸ்தகம். 'ரூபாய் ஐயாயிரம் மட்டும்' என்று எழுதுகிறோம். அந்த 'மட்டும்' எதற்கு? அது இல்லாவிட்டாலும் செக்குச் செல்லும். சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனால் 1881ஆம் வருஷத்திய செலாவணி முறிச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, எண்ணால் எழுதிய தொகைக்கும் எழுத்தால் எழுதிய தொகைக்கும் வேற்றுமை இருந்தால், எழுத்தால் எழுதியதே செல்லும் என்கிறது. ஆகவே எழுத்தைக் காப்பாற்ற வேண்டும். 'ஐயாயிரம்' என்று எழுதிய பிறகு கொஞ்சம் இடம் விட்டு வைத்தால், கெட்டிக்காரக் கை ஒன்று அங்கே 'ஐந்நூறு' என்று சேர்த்து விடலாம். 'மட்டும்' என்ற சொல் அந்த வாசலில் தாழ்ப்பாள் போட்டு விடுகிறது. ஒரு குடும்பத்தின் சேமிப்புக்கு அது காவற்காரன். சரியான இடத்தில் நிற்கும் ஒரு சிறு வார்த்தை எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது, பாருங்கள்!

செக்கில் கடைசி இடம் சரியான இடம். பெண்ணின் வாக்கியத்தில் அதே கடைசி இடம் பிசகான இடம். இரண்டுக்கும் வேற்றுமை என்ன? செக்கில் 'மட்டும்' தனக்கு உரிய தொகையை அடுத்து நிற்கிறது. பெண்ணின் வாக்கியத்தில் 'ஒன்லி' தனக்கு உரிய தமிழை விட்டுவிட்டு வீட்டை அடுத்து நின்றது. ஆகவே இங்கிலீஷில் எழுதவோ பேசவோ நேர்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லக் கூடிய யோசனை மிகச் சிறியது. 'ஒன்லி' என்று வாயில் வரும்போது, மனத்துக்குள் அதைத் தமிழாக்கிப் பாருங்கள். அங்கே 'மட்டும்' என்று போட இடம் இருந்தால் 'ஒன்லி' பொருந்தும்; அதை எந்த வார்த்தைக்கு உரியதோ அந்த வார்த்தையின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். 'மட்டும்' பொருந்தாமல் 'தான்' என்பதே பொருந்துமானால், பெரும்பாலும் அங்கே இங்கிலீஷுக்கு 'ஒன்லி' வேண்டியதில்லை. அந்த வார்த்தையைச் சற்று அழுத்திச் சொன்னால் போதும். 'நேற்றுத்தான்' போன்ற காலச் சொற்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. அங்கே 'ஒன்லி யெஸ்டர்டே' என்று முன்னால் வைத்துச் சொன்னால் இங்கிலீஷ்காரரும் ஒப்புக் கொள்வார். முக்கியமாக மருந்துச் சீட்டு, பத்திரம், உயில், உத்தியோக மனு இவற்றில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். பிள்ளைகளின் 'ஒன்லி'யைத் திருத்துகிற பெரியவர்கள் தயவு செய்து நாலு பேர் முன்னிலையில் திருத்த வேண்டாம். அடையாற்றுப் பேராசிரியரே தப்ப முடியாத ஒன்றுக்காக ஒரு பெண் தலை குனிய வேண்டியதில்லை. பிழை அவள் புத்தியில் இல்லை. இரண்டு பாஷைகளின் நடுவே இருக்கிற பாலத்தில் ஒரு பலகை இல்லை. எல்லாரும் அங்கே தடுக்கித்தான் விழுகிறார்கள். பலகை இல்லாத இடத்தை அடையாளம் காட்டினால் போதும். தாண்டிப் போய் விடுவார்கள்.

அன்று அடையாற்றிலிருந்து திரும்பியதும் பெண் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். முதலில் அது இரண்டு பக்கம் இருந்தது. 'ஒன்லி'யின் சரித்திரம், தொல்காப்பியம், பிஷப் லௌத் எல்லாரும் அதில் வந்திருந்தார்கள். என் தாயார் அதைப் படித்துக் காட்டச் சொல்லி, "வேலை கேட்கிறாயா, வழக்குப் போடுகிறாயா?" என்றாள். இரண்டாவது கடிதம் நாலு வரி. 'அட் ஹோம் வீ ஸ்பீக் நத்திங் பட் டமில்', அதாவது வீட்டில் நாங்கள் தமிழைத் தவிர வேறு பாஷை பேசுவதில்லை என்பதே தாம் சொல்ல எண்ணியது என்றும், தம் வாக்கியத்தின் அமைப்பினால் அது மாறுபட்டுத் தோன்றியதற்கு வருந்துவதாகவும் எழுதினாள். அதோடு ஒரு காரியம் செய்தாள். குழந்தைகளுக்கு முக்கோணத்தைப் பற்றி விளக்கும் ஒரு பாடத்தைத் தானே நாலு பக்கத்தில் தமிழில் எழுதி, தமிழ் தெரிந்த எவரிடமாவது காட்டி அபிப்பிராயம் கேட்கும்படி வேண்டிக் கொண்டு கூடவே அனுப்பினாள். அந்தப் பாடத்தை நான் படித்தேன். கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிற எனக்கே முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து ஏன் இரண்டு செங்கோணம் ஆகின்றன என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று.

பத்து நாள் ஒன்றும் பதில் இல்லை. நேற்று மாலை இந்தக் கட்டுரையை எழுதிக் கொண்டிருந்தபோது வாசற்கதவு தட்டப்பட்டது.

"யாரது?" என்று கேட்டேன்.

"நான்தான், மாமா!"

அந்தக் குரலில் இருந்த தெம்பைக் கேட்டதும், விஷயம் இன்னதென்று அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்து விட்டது. கம்பெனியார் அவளை மறுபடியும் பேட்டிக்கு அழைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை தமிழ் தெரிந்த ஒருவரும் திரையில் இருப்பாராம். வரும் திங்கட்கிழமை பேட்டி. முடிவு இந்த இதழ் அச்சாகி வெளிவந்த பிறகுதான் தெரியும். எப்படியானாலும் சரி, இனி இங்கிலீஷில் வாயைத் திறக்கப் போவதில்லை என்ற பிரதிக்ஞையை அவள் கைவிட்டு விட்டாள்.

"யார் வந்திருக்கிறது?" என்று சமையலறையிலிருந்து என் தாயார் கேட்டாள்.

"வேறு யார்? உன் பேத்திதான்!" என்றேன்.

சந்தோஷத்தில் எல்லாரும் பேச உட்கார்ந்து விட்டோம். காப்பி அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தது.